பதில்தான் கூலி

(கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டெபியன் இயங்குதளத்தை உங்களில் பலர் பயன்படுத்துகிறீர்கள். உபுண்டு வைத்திருப்பவர்களும் டெபியனிலிருந்து பிறந்ததைத்தான் வைத்திருக்கிறீர்கள். அந்த டெபியன் திட்டத்துக்கு எழுதிவைத்த அரசியலமைப்பு ஒன்று உண்டு. 1998 டிசம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் தொடக்கத்திலேயே ஒரு விதி வருகிறது. இந்தத் திட்டத்துக்காக வேலை செய்தே தீரவேண்டும் என்ற கடமை யாருக்கும் கிடையாது. ஒப்படைத்த வேலையைச் செய்ய மனமில்லாதவர் செய்ய வேண்டியதில்லை. முறைப்படி எடுத்த முடிவுகளுக்கு எதிராக வேலை பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். விதியின் சாரம் இது.

நம் ஊர் அலுவலகம் ஒன்றில் இப்படிச் சுற்றறிக்கை விட்டால் மறுநாள் காலையில் மின்விசிறி மட்டும்தான் சுற்றிக்கொண்டிருக்கும். டெபியனோ 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கியதிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்கள். முதலாளி கிடையாது, மேலாளர் கிடையாது, ஆண்டு இறுதி மதிப்பீடு கிடையாது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் கிட்டத்தட்ட 70,000 மென்பொருள் பொதிகள் இருக்கின்றன. வேலை செய்யக் கட்டாயம் இல்லாத இடத்தில் இவ்வளவு வேலை எப்படி நடக்கிறது? அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

தன்னார்வக் குழு நடத்துகிற யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி கேட்கிறார்கள். "ஆரம்பத்தில் நல்ல கூட்டம் இருந்தது, இப்போது ஆர்வமே இல்லை, எப்படி ஊக்கப்படுத்துவது?" என்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வியிலேயே ஒரு சந்தேகம். வருகிறவர் ஊக்கத்தோடுதான் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்காமல், முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலில் உட்கார்ந்து வழு தேடுகிற ஆளுக்கு நாம் என்ன ஊக்கம் ஊட்டிவிட முடியும்? அவர் கொண்டுவந்த ஊக்கம் எங்கே கரைகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. நான் பார்த்தவரையில் அது கரைகிற இடம் ஒன்றுதான்: நாம் அவரைக் காக்கவைக்கிற இடம்.

தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை என்கிறோம். பணமாக இல்லை, உண்மைதான். ஆனால் கூலி உண்டு. செய்ததை ஒருவர் பார்த்தார். சரி என்றோ தவறு என்றோ சொன்னார். அது ஒரு வெளியீட்டில் போய்ச் சேர்ந்தது. எங்கோ ஒருவர் அதைப் பயன்படுத்துகிறார். இதுதான் கூலி. மூன்று மாதம் கூலி பாக்கி வைத்த மேஸ்திரி, "சித்தாளுக்கு வேலையில் ஈடுபாடே இல்லை" என்று குறை சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? நம் திட்டங்களில் பெரும்பாலும் நாம்தான் அந்த மேஸ்திரி.

ஒரு சின்ன விஷயத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தமிழ் இடைமுகம் உள்ள ஒரு மென்பொருள். அதில் 'சேமி' என்கிற சொல் 'சேமீ' என்று நெடிலாகிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கண்ணில் அது படுகிறது. மொழிபெயர்ப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிறார். மேல் வரியில் ஆங்கிலம், கீழ் வரியில் தமிழ், இரண்டும் மேற்கோள்குறிக்குள். நெடிலைக் குறிலாக்குகிறார். ஆக்கும்போது கடைசி மேற்கோள்குறி அழிந்துவிடுகிறது, கவனிக்கவில்லை. கிட் என்றால் என்ன, கிளை என்றால் என்ன, திருத்தத்துக்கு விளக்கம் எப்படி எழுதுவது என்றெல்லாம் படித்து அனுப்பி முடிப்பதற்குள் நள்ளிரவாகிவிட்டது. ஓர் எழுத்துக்காக ஒரு மாலைப் பொழுது.

இனி நடப்பது நம் கையில். பல திட்டங்களில் நடப்பது இது: பதிலே வராது. கிணற்றில் போட்ட கல். சில திட்டங்களில் பத்து நாள் கழித்து ஒரு வரி வரும்: "கோப்பு தொகுக்க மறுக்கிறது, சோதித்துவிட்டு அனுப்பவும்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எதைச் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால் சோதித்தே அனுப்பியிருப்பார். மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. மறுநாள் வருகிறது: "கிடைத்தது, நன்றி. பிழை இத்தனை நாளாக எங்கள் கண்ணில் படவில்லை. நீங்கள் மாற்றிய வரியின் கடைசியில் மேற்கோள்குறி விட்டுப்போயிருக்கிறது, அது இல்லையென்றால் கோப்பைத் தொகுக்க முடியாது. நான் போட்டுச் சேர்த்துவிட்டேன். அடுத்த வெளியீட்டில் உங்கள் பெயரோடு வரும். இதே கோப்பில் இன்னும் நான்கு இடத்தில் 'சேமீ' இருக்கிறது, நேரம் இருந்தால் பாருங்கள்." எழுத ஐந்து நிமிடம் ஆகாது. இந்தப் பதிலில் நன்றி மட்டும் இல்லை. என்ன தவறு, ஏன் தவறு, எப்போது வெளிவரும், அடுத்து என்ன செய்யலாம் என்று நான்கு தகவல்கள் இருக்கின்றன. அந்த மாணவி மறுபடி வருவாரா என்பதைத் தீர்மானிப்பது அந்த நான்கும்தான்.

பெரிய திட்டங்களுக்கு இந்த நோய் வராது என்று நினைக்காதீர்கள். லினக்ஸ் கெர்னலுக்கே வந்தது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி அறிவித்த வேலை, பத்தே ஆண்டுகளில் உலகம் முழுவதிலிருந்தும் திருத்தங்களை, அதாவது பேட்சுகளை, வாங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் போய்ச் சேர வேண்டிய இடம் ஒரே ஒருவரின் அஞ்சல்பெட்டி. அவருக்குப் பிடிக்காத பேட்சுக்கும் மௌனம்தான் பதில், பார்க்க நேரமில்லாத பேட்சுக்கும் மௌனம்தான் பதில். எது எதற்கு என்று அனுப்பியவருக்குத் தெரியாது. மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்க வேண்டும். 2002 தொடக்கத்தில் இது வெளிப்படையான பூசலாகவே வெடித்தது. சிறு திருத்தங்களைச் சேகரித்து ஒழுங்குபடுத்தத் தனியே ஓர் ஆளைப் போடுங்கள் என்று கோரிக்கை எழுந்தது.

லினஸ் அந்தக் கோரிக்கையை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் வேலை செய்யும் முறையை மாற்றினார். நிரல் மாற்றங்களை நிர்வகிக்கும் பிட்கீப்பர் என்ற கருவிக்குப் போனார். கெர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பானவர்கள் திருத்தங்களைப் பார்த்துத் தொகுத்துத் தர, அவர் அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் வலுப்பட்டது. 2005இல் பிட்கீப்பரின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதும் அதற்கு மாற்றாகத் தானே கிட் எழுதினார். இன்று நிரல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கிட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் வேர்களில் ஒன்று, ஒருவர் அஞ்சல்பெட்டியில் பிறர் உழைப்பு தேங்கிக் கிடந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

பதில் வந்துவிட்டது, திருத்தம் சேர்ந்துவிட்டது. அதோடு கூலி முழுவதும் கைக்கு வந்துவிடுமா? வராது. வெளியீடு நடக்க வேண்டும். டெபியன் இந்தப் பாடத்தைக் கசப்பாகப் படித்தது.

டெபியன் வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயர் வைப்பார்கள். 'வுடி' 2002 ஜூலையில் வந்தது. அடுத்த 'சார்ஜ்' வந்தது 2005 ஜூனில். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். அதற்குக் காரணங்கள் இருந்தன. நிறுவும் நிரலைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பதினொரு வகைக் கணினிக் கட்டமைப்புகளுக்கு எல்லாப் பொதிகளும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும். பொதிகளின் எண்ணிக்கையோ 15,000ஐத் தாண்டிவிட்டது. 'எல்லாம் சரியானதும் வெளியிடுவோம்' என்ற கொள்கை கேட்க நன்றாக இருக்கும். ஆயிரம் பேர் சேர்ந்து செய்யும் வேலையில் எல்லாமே சரியாக இருக்கிற நாள் என்று ஒன்று வராது. ஒருவர் தன் பொதியைத் தயாராக்கிவிட்டுக் காத்திருப்பார். காத்திருக்கும்போது புதுப் பதிப்பு வந்துவிடும். அதைச் சேர்ப்பார். அது வேறொருவரின் பொதியை உடைக்கும். அவர் சரிசெய்வதற்குள் மூன்றாமவருடையது பழசாகிவிடும். இப்படி எல்லோரும் வேலை செய்துகொண்டே இருந்தார்கள். யார் வேலையும் நிலையான பதிப்பாகப் பயனர் கைக்குப் போகவில்லை.

இந்த இடைவெளியில்தான், 2004 அக்டோபரில், உபுண்டு தன் முதல் பதிப்பை வெளியிட்டது. டெபியனின் பொதிகளையே அடித்தளமாக எடுத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியீடு என்று அறிவித்து வந்தது. உபுண்டுவின் வெற்றிக்குப் பல காரணங்கள் சொல்வார்கள். நாள் குறித்து வெளியிட்டதை நான் முதலில் வைப்பேன்.

கெர்னலிலும் அதே காலத்தில் அதே கதை. 2.4 பதிப்பு 2001 ஜனவரியில் வந்தது, 2.6 வர 2003 டிசம்பர் ஆயிற்று. அதன்பிறகு பாடம் கற்றுக்கொண்டார்கள். இப்போது ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு. முதல் இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்ப்பார்கள், பிறகு கதவைச் சாத்திவிட்டு வழு மட்டும் திருத்துவார்கள். உங்கள் வேலை இந்த முறை தயாராகவில்லையா? பரவாயில்லை, அடுத்தது இரண்டு மாதத்தில் வருகிறது. இதனால் ஒரு மறைமுக நன்மை உண்டு. அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாதபோதுதான் ஆளாளுக்கு அரைவேக்காட்டு நிரலை எப்படியாவது உள்ளே திணிக்கப் பார்ப்பார்கள். தேதி தெரிந்தால் அந்தப் பதற்றம் போய்விடும். டெபியனும் சார்ஜுக்குப் பிறகு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு வெளியீடு என்ற ஒழுங்குக்கு வந்து இன்றுவரை அதைக் காத்து வருகிறது.

டெபியனில் வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பு 'உறைநிலை' அறிவிப்பார்கள். புதுப் பதிப்புகளுக்குத் தடை. வெளியீட்டைத் தடுக்கும் வழுக்களின் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். அந்த நேரத்தில் ஏதாவது ஓர் ஊரில், ஒரு வார இறுதியில், ஏழெட்டுப் பேர் மடிக்கணினிகளோடு கூடுவார்கள். பட்டியலிலிருந்து ஆளுக்கொரு வழுவை எடுத்துக்கொண்டு, 'இதை நான் பார்க்கிறேன்' என்று குறித்துவிடுவார்கள். முதல் வேலை, அந்த வழுவைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்ப்பது. பாதி நேரம் அதற்கே போய்விடும். காரணம் பிடிபட்டதும் திருத்தம் எழுதி, வழுவின் பக்கத்தில் எல்லோரும் பார்க்கப் போடுவார்கள். பிறகு பதிவேற்றம். ஆனால் பொதி வேறொருவருடையது. அதனால் திருத்திய பொதியைத் தாமத வரிசையில் ஐந்து நாள் நிறுத்திவைக்கலாம். உரியவருக்கு ஆட்சேபம் இருந்தால் அதற்குள் தடுக்கலாம். இல்லையென்றால் தானாக உள்ளே போய்விடும். பட்டியலில் எண்ணிக்கை குறைவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அன்று சாப்பிடப் போவார்கள்.

இந்தத் தாமத வரிசை ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். பொதியின் பராமரிப்பாளரை அவமதிக்கவில்லை, அவருக்காகத் திட்டம் காத்துக் கிடக்கவும் இல்லை. அவர் வெளியூரில் இருக்கலாம், குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம், சலித்துப்போய் விலகியிருக்கலாம். எந்தக் காரணமும் கேட்காமல் வேலை நகர்கிறது. நம் குழுக்களில் 'அது அண்ணனோட பகுதி, அவர் வரட்டும்' என்று ஒதுங்கி நிற்கிறோமே, அந்த மரியாதை பல திட்டங்களைப் படுக்கவைத்திருக்கிறது.

அடுத்து, புதியவர்கள் நுழையும் கதவு. 2010 செப்டம்பரில் ஓப்பன்ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து பிரிந்து லிப்ரெஆஃபீஸ் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்தது மலை போன்ற பழைய நிரல். அதன் மூலம் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஸ்டார்ஆஃபீஸ். அதனால் நிரலுக்குள் ஏராளமான குறிப்புகள் ஜெர்மன் மொழியில் கிடந்தன. மூத்தவர்கள் அதை ஒரு தொல்லையாக மட்டும் பார்க்கவில்லை. ஜெர்மன் தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் வரலாம், ஒரு கோப்பை எடுத்து அதிலுள்ள குறிப்புகளை ஆங்கிலத்தில் மாற்றித் தரலாம் என்று அறிவித்தார்கள். நிரல் ஓடுவதை இது பாதிக்காது, தவறு நேர்ந்தாலும் எதுவும் உடையாது. ஆனால் அதைச் செய்து முடிப்பதற்குள் அந்த ஆள் நிரலைத் தரவிறக்கி, தொகுத்து, திருத்தி, அனுப்பி, ஒப்புதல் வாங்கும் முழுச் சுற்றையும் ஒருமுறை சுற்றி வந்திருப்பார். இதுபோன்ற எளிய வேலைகளைத் தனிப் பட்டியலாகவே வைத்தார்கள். எந்தக் கோப்பு, எங்கே தொடங்குவது என்ற விவரத்தோடு.

இங்கே மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து நிமிடத்தில் முடியும் வேலையைப் பார்த்தால் நம் கை சும்மா இருக்காது, முடித்துவிடுவோம். முடிக்காமல் விடுங்கள். அதைப் பற்றி நான்கு வரி எழுதிவைத்து, புதியவருக்கு விட்டுக்கொடுங்கள். உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும் வேலையை அவர் இரண்டு நாளில் செய்வார். அந்த இரண்டு நாள் திட்டத்துக்கு நஷ்டமில்லை.

டெபியன் தன் கதவை ஒருமுறை சாத்தியே பார்த்தது. 1999இன் பிற்பகுதியில், வரும் விண்ணப்பங்களைச் சமாளிக்க முடியாமல் புதிய உறுப்பினர் சேர்க்கையைச் சில மாதம் நிறுத்திவைத்தார்கள். 2000இல் புதிய நடைமுறையோடு திறந்தார்கள். ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் வழிகாட்டியாக ஒருவர், ஆள் அடையாளம் உறுதிசெய்தல், கொள்கை பற்றியும் தொழில்நுட்பம் பற்றியும் கேள்விகள். முறையான ஏற்பாடுதான், ஆனால் அதிலும் பலர் வெகுகாலம் காத்திருக்க நேர்ந்தது. அதற்கு 2007இல் ஒரு வழி கண்டார்கள்: முழு உறுப்பினர் ஆகும் முன்பே, தான் பார்த்துக்கொள்ளும் குறிப்பிட்ட பொதிகளை மட்டும் ஒருவர் தானே பதிவேற்றலாம். 2010இல் இன்னொரு வாக்கெடுப்பு: பொதி செய்யாதவர்களும், அதாவது மொழிபெயர்ப்பவர்கள், ஆவணம் எழுதுகிறவர்கள், வரைகலை செய்கிறவர்கள் எல்லோரும், வாக்குரிமையுள்ள உறுப்பினர்கள் ஆகலாம்.

டெபியனை நிறுவும்போது வருகிற மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. அதைத் தமிழில் தந்த உழைப்பு நிரல் எழுதுகிறவரின் உழைப்புக்கு ஒரு படி கீழே என்று நினைக்கிற பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. "நிரலர் இல்லை, மொழிபெயர்ப்புதான் செய்கிறார்" என்கிறோமே, அந்த 'தான்' எத்தனை பேரை வெளியே அனுப்பியிருக்கும்!

இதுவரை நான் சொன்னதற்கு எதிராக ஒரு வாதம் இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். பதில் போடு, உடனே போடு, தேதி தவறாதே என்கிறீர்களே, பதில் போடுகிறவனும் சம்பளமில்லாத ஆள்தானே, அவன் கதி என்ன?

நியாயமான கேள்வி. 2024இல் உலகமே இதைப் பார்த்தது. எக்ஸ்இஸட் என்று, கோப்புகளைச் சுருக்கும் ஒரு நிரல். லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருக்கும். நெடுங்காலம் ஒருவரே ஊதியமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் சில கணக்குகளிலிருந்து அவருக்கு நெருக்கடி வந்தது. பேட்சுகள் தேங்குகின்றன, உங்களால் முடியவில்லையென்றால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று மீண்டும் மீண்டும் எழுதினார்கள். இது கூலியில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதே காலத்தில் உதவிக்கு வந்தது, ஜியா டான் என்ற பெயரில் பொறுமையாக வேலை செய்த ஒரு கணக்கு. கடைசியில் பொறுப்பு அந்தக் கணக்கின் கைக்குப் போயிற்று. 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்புக்குள் பின்கதவு ஒன்று ஒளிந்திருந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் எடுப்பதைக் கண்டு துருவி, மார்ச் 29 அன்று அம்பலப்படுத்தினார். அது பெரும்பாலான நிலையான பதிப்புகளுக்குப் போகும் முன்பே தடுக்கப்பட்டது. அரை நொடியைப் பொருட்படுத்தியதால் உலகம் தப்பியது.

அந்தக் கயவர்கள் ஆயுதமாக எடுத்தது எதை என்று கவனியுங்கள். காத்திருப்பைத்தான். தேங்கிய வேலையைக் காட்டியே ஒரு களைத்த மனிதரை மடக்கினார்கள். ஆகவே பதில் சொல்லும் கடமையை ஒருவர் தலையில் கட்டினால் அது ஊக்கத்தைக் காக்காது, ஆளை முறித்துவிடும். பதில் சொல்ல இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்பதுதான் ஒரு திட்டத்தின் உடல்நிலையைச் சொல்லும் முதல் கேள்வி. அந்த இரண்டாவது ஆளை நெருக்கடி வந்தபின் தேடினால் யார் கிடைப்பார் என்பதை எக்ஸ்இஸட் காட்டியது. தெம்பு இருக்கும்போதே தேட வேண்டும்.

லினஸ் இதில் ஒரு நல்ல காரியம் செய்தார். 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கியவர், ஜூலையிலேயே அதன் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டார். தான் பெற்ற பிள்ளை என்று கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அதன்பிறகு கிட்டை வளர்த்தவர் ஹமானோ. பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018 ஜூலையில், கசப்பான ஒரு விவாதம் முடிந்த கையோடு, இனி முடிவெடுப்பவன் நானில்லை என்று விலகினார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவை நிரலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பைத்தான் நிற்கவில்லை. டெபியனில் தலைவர் பதவியே ஓராண்டுக்குத்தான். 2019இல் வேட்புமனுத் தேதி முடிந்தபோது ஒருவர்கூட நிற்கவில்லை. அரசியலமைப்புப்படி ஒரு வாரம் நீட்டித்தார்கள், பிறகு போட்டியே நடந்தது. விலகுவதற்கும் வருவதற்கும் வழி எழுதிவைத்திருந்ததால் அது வெறும் ஒரு வாரச் செய்தியாகப் போயிற்று. கௌரவமாக விலக வழியில்லாத குழுவில் ஆட்கள் சொல்லாமல் காணாமல் போவார்கள். அவர்களோடு கடவுச்சொல்லும் காணாமல் போகும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. 2006இல் டெபியனில் ஒரு முயற்சி நடந்தது. வெளியீட்டைக் குறித்த தேதியில் கொண்டுவர, வெளியீட்டுப் பொறுப்பாளர்கள் இருவருக்கு ஆளுக்கு ஒரு மாதம் முழுநேரமாக வேலை பார்க்கப் பணம் கொடுப்பது என்று, அப்போதைய திட்டத் தலைவரும் சிலரும் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் மனத்தாங்கல் பெரிதாக வந்தது. சிலர் தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். வெளியீட்டைத் தடுக்கும் வழுக்களை வேண்டுமென்றே தேடித் தேடிப் பதிவதற்கு ஒரு போட்டிக் குழுவே கிளம்பியது. தலைவரை நீக்கக் கோரி வாக்கெடுப்புகூட நடந்தது, தோற்றது. டிசம்பருக்குத் திட்டமிட்ட வெளியீடு 2007 ஏப்ரலில் வந்தது.

அதே டெபியனில் 2014இலிருந்து வேறொரு பண ஏற்பாடு இருக்கிறது. பழைய பதிப்புகளுக்குக் கூடுதல் ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தரும் வேலை. நிறுவனங்கள் பணம் தருகின்றன, ஃப்ரெக்ஸியன் என்ற நிறுவனம் திரட்டி, செய்கிறவர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் தருகிறது. இது பெரிய சண்டையில்லாமல் நடக்கிறது. என்ன வித்தியாசம்? நான் புரிந்துகொண்டது இது: ஐந்து வருடப் பழைய பதிப்பை ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பதில், நான் முதலில் சொன்ன அந்தக் கூலி கிடைப்பதில்லை. யாரும் கைதட்ட மாட்டார்கள், புதிதாக எதுவும் பிறக்காது. அங்கே பணம் வரலாம். பத்துப் பேர் பெருமைக்காகச் செய்யும் வேலையில் இருவருக்கு மட்டும் பணம் கொடுத்தால், மற்ற எட்டுப் பேரும் "அப்போது நாங்கள் யார்?" என்று கேட்பார்கள்.

பணமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' வழு வெளிப்பட்டபோதுதான், இணையத்தின் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடை வருகிறது என்பது உலகத்துக்குத் தெரிந்தது. முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். பெரு நிறுவனங்கள் அந்த நிரலை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தன. வழுவோ 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தது. அடுத்தவர் ஆர்வத்தை அடித்தளமாக வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதிப்பவர்கள் அந்த அடித்தளத்துக்குச் சுண்ணாம்பாவது அடிக்க வேண்டும். அது தானமில்லை, கடன்.

சச்சரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இல் டெபியன், கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் 'சிஸ்டம்டி'யை ஏற்பதா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டது. முடிவு வந்தபோது மூத்தவர்கள் சிலர் தொழில்நுட்பக் குழுவிலிருந்து விலகினார்கள், தேவுவன் என்ற தனிக் கிளையே பிரிந்தது. தோற்றது வலி. அதைவிட வலி, முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் நீண்ட விவாதம். அதனால் விவாதத்துக்கு ஒரு முடிவு நாள் வேண்டும். வாக்கெடுத்து அறிவித்துவிட வேண்டும். நேரில் சந்திப்பதும் பெரிய மருந்து. டெபியன் 2000இலிருந்து ஆண்டு மாநாடு நடத்துகிறது. 2023இல் நமக்குப் பக்கத்தில் கொச்சியில் நடந்தது. அங்கே அவரவர் ஊர்த் தின்பண்டம் கொண்டுவந்து பகிரும் ஒரு மாலை உண்டு. அஞ்சலில் அனல் கக்கியவர் கையிலிருந்து ஒரு துண்டு வாங்கித் தின்றபின், மறுநாள் அதே தொனியில் எழுதக் கை கூசும்.

நண்பர்களே, முடிக்கிறேன். உங்களில் பலர் தமிழ் எழுத்துருவிலும் சொற்பிழைத் திருத்தியிலும் மொழியாக்கத்திலும் வேலை செய்கிறீர்கள். நம் திட்டங்கள் சிறியவை. இரண்டு பேர், மூன்று பேர். பெரியவர்களிடம் இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. நம்மிடம் தேங்கியிருப்பதை ஒரு வார இறுதியில் பார்த்து முடித்துவிடலாம்.

ஆகவே ஊக்கம் பற்றி இன்னொரு கூட்டம் போடாதீர்கள். இன்று இரவு உங்கள் திட்டத்தைத் திறந்து, பதில் வராமல் கிடக்கும் பேட்சுகளில் மிகப் பழையதை எடுங்கள். சேர்க்கத் தக்கதென்றால் சேர்த்து, எந்தத் தேதியில் வெளிவரும் என்று எழுதுங்கள். சேர்க்க முடியாதென்றால் ஏன் முடியாது என்று எழுதி மூடுங்கள், மறுப்பும் பதில்தான். நேரமே இல்லையென்றால், "எனக்கு நேரமில்லை, நீங்கள் பொறுப்பெடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இந்த மூன்றில் ஒன்றைச் செய்தால் உங்கள் பாக்கியில் ஒரு தவணை தீர்ந்தது. அனுப்பியவர் இத்தனை நாளில் வேறு பக்கம் போயிருக்கலாம். அவர் வராவிட்டாலும், அந்தப் பதிலைப் படிக்கிற அடுத்த ஆள், இங்கே வேலை வீணாகாது என்று தெரிந்துகொண்டு வருவார்.